முதல் பார்வைக்கு ஒரு கிழங்கு

"பிரமாதி வருஷம், ஆடி மூன்றாம் வெள்ளி. குற்றாலம் போய் வந்தது. கிழங்கு ஒன்று. நல்ல சாரல்."

என் அப்பா அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்த குறிப்பு இது. பிரமாதி என்பது 1939 சித்திரையில் தொடங்கிய வருடம். விதை விட்ட நாள், மாடு ஈன்ற நாள், சிற்றாற்றில் புதுத் தண்ணீர் வந்த நாள் என்று அப்பா எல்லாவற்றையும் பஞ்சாங்க ஓரங்களில் குறித்து வைப்பார். அந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. ஆகவே கீழே வரும் நிகழ்ச்சியில் வருடத்தையும் மாதத்தையும் நம்பலாம். மற்றவை எட்டு வயதுப் பெண் ஒருத்தி பயந்துகொண்டே பார்த்தவை. பயந்த கண் எதையும் பெரிதாகத்தான் பார்க்கும். படிப்பவர்கள் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வைகாசியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு தம்பிகளும் தவழும் முன்பே போய்விட்டார்கள். இரண்டாமவன் தொட்டிலில் கிடந்தபோது நான் எட்டிப் பார்த்து, "தம்பி அழகா இருக்கான்" என்று சொன்னேனாம். அன்று சாயங்காலமே அவன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டானாம். அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. அத்தைக்கு நன்றாக நினைவிருந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, தென்காசியில் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவள். போன இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில்தான் அடங்கினார்கள். ஏதாவது ஒரு காரணம் இல்லாமல் அப்படி நடக்க முடியாது என்று அவள் தேடியபோது, என் கண்கள் கிடைத்தன.

எனக்குப் பூனைக்கண். பனங்கற்கண்டைத் தண்ணீரில் கரைத்தால் வரும் நிறம். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த நிறம் கிடையாது. அதுவரை கிண்டலுக்குத்தான் உதவியது. தெருவில் பூ விற்க வருகிறவள், "ஏட்டி, உன் கண்ண வெயில்ல வச்சுட்டுப் போயிட்டாகளா, நிறம் வெளுத்துல்லா கெடக்கு" என்று கேட்பாள். இரண்டாவது பிள்ளையும் போன பிறகு அவள் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கூடையை இறக்கும்போதே முந்தானையை இழுத்துப் பூவை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது பிள்ளையைக் காப்பாற்ற வீடே கச்சை கட்டி நின்றது. பிறந்தவுடன் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுப்பது போல எடுத்து வந்தார்கள். கையில் வசம்பு மணி, இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மைப்பொட்டு, பொட்டல்புதூர் பள்ளிவாசலில் ஓதிக் கட்டிய தாயத்து. சாயங்காலமானால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். அந்தப் புகையில் பெரியவர்களே இருமினார்கள். இவ்வளவையும் சுமந்துகொண்டு தம்பி, சந்தைக்குக் கொண்டுபோகும் கன்றுக்குட்டி மாதிரி அலங்காரமாகக் கிடந்தான். இத்தனையும் ஊரார் கண்ணுக்கு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் கண்ணுக்கு என்ன செய்வது என்பதுதான் அத்தையின் கவலை. அதற்காகத்தான் குற்றாலம் போனோம்.

வில்வண்டியில் அப்பா, அத்தை, நான். பச்சைப் பிள்ளையோடு அம்மா வரவில்லை. சாரல் முகத்தில் பொடித்தது. அருவிக்கரையில் எண்ணெயும் சீயக்காயும் மணக்க ஆண்களும் பெண்களும் நனைந்த துணியோடு நடந்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் போல எனக்கும் அருவியில் நிற்க ஆசை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. நேராகக் கடைத்தெருவில், மலைச்சரக்கு விற்கும் ஒரு ஆளின் சாக்குவிரிப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வாங்க அண்ணாச்சி, மலைத்தேன் பாருங்க. தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, வாங்காட்டாலும் பரவாயில்ல" என்றார் அவர் அப்பாவிடம்.

"தேனெல்லாம் வேண்டாம்யா. ஆகாச கருடன் கிழங்கு இருக்கா?" என்றாள் அத்தை.

"இருக்கு தாயி. வீட்டுக்கா, கடைக்கா?"

"வீட்டுக்குத்தான். பிள்ளைக்கு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பிள்ளைக்கா?"

"இவளுக்கு எதுக்கு? இவ கண்ணுக்கு."

அவருடைய சிரிப்பு நின்றது. குனிந்து என் கண்களைப் பார்த்தார். பிறகு, தெரியாமல் செய்தாரோ தெரிந்து செய்தாரோ, தேன் பாட்டிலைத் துணி போட்டு மூடினார். அப்பா அருவியைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து அருவி தெரியாது.

அந்தக் கிழங்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உருண்டு திரண்டு, சாம்பல் நிறத்தில், மண் அப்பிய முழங்கால் மாதிரி இருக்கும். மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கறுப்புக் கயிற்றில் கட்டி நிலைவாசலில் தொங்கவிடுவார்கள். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். காற்றை மட்டும் குடித்துக்கொண்டு அந்தரத்திலேயே துளிர்விட்டுக் கொடியாக ஓடும். தாவரநூல்கள் இதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: கிழங்கில் சேர்த்து வைத்திருக்கும் ஈரமும் மாவும் தீரும் வரை அது துளிர்க்கும். மலைச்சரக்குக்காரர் சொன்ன காரணம் வேறு.

"துளிர் விட்டுக்கிட்டே இருந்தா வீட்டுக்கு ஒரு குறையும் இல்லன்னு அர்த்தம். வாடுச்சு, அழுகுச்சுன்னா, வீட்டுக்கு வரவேண்டியத அது வாங்கிக்கிட்டுன்னு அர்த்தம். அதுக்கு மேல அது தாங்காது. அப்புறம் வாரது நேரா உள்ளதான் போகும், பாத்துக்கிடுங்க."

அவர் சாக்கில் கைவிட்டு நல்ல கிழங்காகத் தேடும்போது, அவருக்குப் பின்னால் நான் பார்த்தேன். கடைத்தெருவின் பின்சரிவில், ஓடைப் பக்கமாக, அழுகின கிழங்குகள் குவிந்து கிடந்தன. கறுத்து, தோல் உரிந்து, எறும்பு மொய்த்து, மழையில் ஊறி வழிந்துகொண்டிருந்தன. விற்காமல் கெட்டுப்போனதை அவர் தூக்கி எறிந்திருக்கிறார். சாரல் காலத்தில் எந்த வியாபாரிக்கும் நடப்பதுதான். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்து கொண்டுவந்து போட்டது என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை வீடுகள். அத்தனை வீட்டுக்குள்ளும் நேராகப் போயிருக்கிறது. வண்டியில் திரும்பும்போது கிழங்கை என் மடியில்தான் வைத்தார்கள். அது கனத்தது. அதைப் பார்க்காமல், மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்பா இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர். பத்திரிகை வாசிப்பவர். அன்று மாலை நிலையில் ஆணி அடித்து, யாரும் சொல்லாமலே கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டவரும் அவர்தான். "ஒரு கொடிதானே. வாசலுக்கு அழகா இருக்கும்" என்றார். அழகு என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை மண்ணில் துப்பினாள்.

அன்றைக்கே எனக்கு ஒரு சட்டம் போடப்பட்டது. பார்வையில் முதல் பார்வைக்குத்தான் விஷம் உண்டு. அதை எங்காவது இறக்கிவிட்டால் அடுத்த பார்வைக்குப் பல் கிடையாது. எனவே தம்பியைப் பார்க்க வேண்டுமானால், முதலில் வாசலுக்குப் போய் நின்று கிழங்கைப் பார்க்க வேண்டும். இமைக்கக் கூடாது.

"எம்புட்டு நேரம் அத்தை?"

"கண்ணுல தண்ணி வருத வரைக்கும். தண்ணி வந்தா சூடு இறங்கிட்டுன்னு அர்த்தம். அப்புறமா உள்ள வா."

காலையில் எழுந்தால் கண்ணை மூடிக்கொண்டே சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுபடியும். தம்பி தூங்கி எழுந்தால் மறுபடியும். கிழங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கண் எரியும், கரிக்கும், பிறகு நீர் முட்டும். அத்தை வந்து என் கன்னத்தைத் தொட்டு ஈரமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுவாள். தெருவில் போகிறவர்கள், "என்னட்டி, தெனமும் வாசல்ல நின்னு அழுதே, அடிக்காகளா?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அவர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் பார்வை அவர்கள் மேல் விழுந்தால் என்ன ஆகுமோ. ஆகவே வாய் திறக்காமல் கிழங்கையே பார்ப்பேன். கொஞ்ச நாளில் நான் செவிடு என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது.

பிற்காலத்தில் வாசித்த நூல்களில் மத்தியதரைக் கடலோர மக்களைப் பற்றி அறிந்தேன். அங்கே வெளிர் நிறக் கண்ணுள்ளவர்களின் பார்வைக்குத்தான் பயம் அதிகமாம். கண்ணைப் போலவே செய்த நீல மணியைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிடுவார்களாம். அதைப் படித்தபோது முதலில் எனக்குத் தோன்றியது, அந்த ஊர்களில் எத்தனை சிறுமிகள் வாசலில் நின்றிருப்பார்கள் என்பதுதான்.

ஆடி முடிவதற்குள் கிழங்கு துளிர்த்தது. சாம்பல் உருண்டையின் உச்சியில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அத்தை சூடம் காட்டினாள். நான் பார்க்கப் பார்க்க அது விரல் நீளம் ஆனது, இலை விட்டது, சுருள் விட்டு நிலையின் மரத்தைப் பற்றிக்கொண்டது. என் விஷத்தையெல்லாம் குடித்துவிட்டு இப்படிப் பச்சையாக இருக்கிறதே என்று அதன் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. கொஞ்ச நாள் பயம் குறைந்திருந்தது. உள்ளே தம்பிக்கு ஆள் அடையாளம் தெரியத் தொடங்கியது. என்னைக் கண்டால் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பான். கண்ணீர் வழிய வந்து நிற்கும் ஒரே ஆள் நான் என்பதால் அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம்.

ஆவணியில் சாரல் நின்றது. மேற்கே மலை மேகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுமையாக நின்றது. வெயில் ஏறியது. ஒருநாள் காலையில் கிழங்கின் அடி இலையில் மஞ்சள் ஓரம் கட்டியிருப்பதைக் கண்டேன்.

ஈரக்காற்று போனால் கொடி வாடும் என்று சொல்ல யாராவது இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இத்தனை நாள் நான் இறக்கியதை அது வாங்கிக்கொண்டது. இனி அதற்குத் தாங்காது. அது சாய்ந்தால், தொட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமில்லை. குற்றாலத்துச் சரிவில் எறும்பு மொய்த்துக் கிடந்த குவியல் கண்முன் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தம்பியைப் பார்த்தால்தானே கிழங்கைப் பார்க்க வேண்டும்? தம்பியையே பார்க்காவிட்டால்?

அதன் பிறகு தம்பி இருக்கும் இடத்தில் தரையைப் பார்த்து நடந்தேன். அவன் என் குரலைக் கேட்டால் கத்துவான், கைநீட்டுவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மா ஒருமுறை, "என்னட்டி, தம்பி கூப்பிடுதான்லா?" என்றாள். தலைவலி என்றேன். அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அந்தக் கையை நெடுநேரம் எடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை. நான் பாயில் படுத்திருக்கிறேன். முழுதாக விழிப்பு வரவில்லை. முகத்தில் ஏதோ சூடாக மோதுகிறது. கண்ணைத் திறக்கிறேன். என் மூக்குக்கு நேராகத் தம்பியின் முகம். அம்மா அவனை என் பக்கத்தில் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போயிருக்கிறாள். அவன் உருண்டு வந்து என் கன்னத்தை நக்கிக்கொண்டிருக்கிறான். அந்த நாளின் முதல் பார்வை, எங்கேயும் இறக்காதது, முழுசாக அவன் கண்ணுக்குள் போய்விட்டது. அவன் சிரித்தான். இரண்டு ஈறும் தெரிய. அவன் அழகாக இருக்கிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை, நினைத்ததோடு சரி. ஆனால் நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

இரண்டு நாளில் மூச்சு இழுத்தது. டாக்டர் வந்து நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்லி மருந்து கொடுத்தார். பிள்ளையைச் சுற்றிப் புகை போடக் கூடாது என்றும் சொன்னார். அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் அத்தை மிளகாயை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தியதை நான் பார்த்தேன். எதையும் குறித்து வைக்கும் அப்பா அந்த நாட்களில் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. பத்திரிகையில் ஜெர்மனிச் சண்டை வந்துவிடும் என்று போட்டிருந்தது. அதையும் அவர் பிரிக்கவில்லை.

நான் தாங்கமாட்டாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நான் பாத்துட்டேம்மா. காலைல, கிழங்கப் பாக்காம."

அம்மா பதில் சொல்வதற்குள் அத்தைக்குக் கேட்டுவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "நான் இன்னும் ஒண்ணத் தூக்கிக் குடுக்க மாட்டேன். என்னால முடியாது தம்பி. இவள எங்கயாவது அனுப்பு" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் உடம்பு நடுங்கியதை அன்று நான் என் மேலுள்ள வெறுப்பு என்று நினைத்தேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வண்டி பூட்டினார்கள். பண்பொழியில் சித்தி வீட்டில் என்னை விட்டார்கள். அம்மா வாசல்வரைகூட வரவில்லை.

சித்தி நல்லவள். சித்தப்பா அதிகம் பேசாதவர். சித்தி மகனுக்கு என்னைவிட ஒரு வயது கூட. பெரியவர்கள் குசுகுசுத்ததை எல்லாம் அவன் கேட்டுவிட்டிருந்தான். மறுநாளே என்னை வேலிப் பக்கம் கூட்டிப்போனான்.

"ஏட்டி, உன் கண்ணு பட்டா செத்துப் போவாகளாமே. நிசமா?"

நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"அங்கன பாரு, பக்கத்து வீட்டுச் சேவல். என்னைய ஒருநாள் கொத்திட்டு. அதப் பாரேன், சும்மா ஒருதரம்."

"மாட்டேன்."

"சரி, போ. நீ சும்மா பயங்காட்டுதே. உங்க அத்தையும் சும்மா சொல்லுதா."

அவன் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. சும்மாதானோ? சேவலைப் பார்த்தேன். செம்பு நிறக் கழுத்து. வேலியில் ஏறி நின்று என்னையும் ஒரு கண்ணால் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. கூவிவிட்டு இறங்கிப் போனது. அன்றைக்கு நான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை சேவல் இல்லை. வேலியடியில் செம்பு நிற இறகுகள் கிடந்தன. பக்கத்து வீட்டுக்கு மருமகன் வந்திருந்தார் என்பதும், சேவல் குழம்பாகிவிட்டது என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். சித்தி மகனுக்கு அன்றே தெரியும். ஆனால் அவனும் முதலில் இறகைப் பார்த்து வெளிறிப்போய், என் முன்னால் நிற்காமல் ஓடிவிட்டான். பிறகு உண்மை தெரிந்ததும் சொல்ல வெட்கப்பட்டிருப்பான்.

அதன் பிறகு நான் கண்ணைத் திறந்து நடந்தது குறைவு. சித்தி என்னைத் திருமலைக் குமாரசாமியைக் கும்பிட மலைமேல் கூட்டிப்போனாள். படியை மட்டும் பார்த்து ஏறினேன். சன்னதியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் குனிந்தே நின்றேன். "நிமிந்து பாருட்டி, சாமி எப்படி இருக்காருன்னு" என்றாள் சித்தி. சாமியும் பிள்ளை உருவம்தானே என்ற பயத்தில் நான் அவர் பாதத்துக்கு மேல் பார்க்கவில்லை. தீபாராதனை முடிந்ததும் ரகசியமாக நிமிர்ந்து அர்ச்சகரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கலவரம் எதுவும் இல்லை. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது என்று ஒரு மூச்சு விட்டேன்.

நடுவில் சித்தப்பா ஒருமுறை தென்காசிக்குப் போய் வந்தார். வந்தவர் சித்தியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சித்தி வாயில் கைவைத்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி போய்விட்டான் என்று முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் உறுதியாகிவிடுமே. அழவும் இல்லை. அழுதால் கண்ணில் நீர் வரும். நீர் வந்தால் சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இறங்கக் கூடாது, அது எனக்குள்ளேயே இருந்து என்னைத் தின்னட்டும் என்று நினைத்தேன். எட்டு வயதில் இப்படியெல்லாம் நினைக்க முடியுமா என்று இப்போது யாராவது கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன்.

ஆவணிக் கடைசியில் என்னைத் திரும்ப அழைத்துப் போக வண்டி வந்தது. தென்காசிக் கோபுரம் அப்போது மேல்பாகம் சிதைந்து, மொட்டையாக நின்றது. தூரத்தில் அது தெரிந்ததிலிருந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும் வழக்கம்போல முதலில் கிழங்கைப் பார்க்க அண்ணாந்து கண்ணைத் திறந்தேன்.

ஆணி மட்டும் இருந்தது. அதில் விரல் நீளத்துக்குக் கறுப்புக் கயிறு.

கண்ணை வைக்க இடமில்லாமல் போனது. வாசலில் வேறு எதையாவது பார்க்கலாம் என்றால், நேர் எதிரில், நிலைப்படிக்குள் அம்மா நிற்கிறாள். அவள் இடுப்பில் தம்பி. நான் பட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் ஒரு கணம். திறந்தால் இல்லாமல் போவான் என்ற பயம் அடுத்த கணம்.

"கண்ணத் திறட்டி" என்றாள் அம்மா.

"கிழங்கு எங்கம்மா?"

"கிழங்கு இல்ல. கண்ணத் திற."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "வேண்டாம். பிள்ள இப்பந்தான் தேறி வாரான். சொல்லுதத கேளு."

"மதினி, நீங்க உள்ள போங்க" என்றாள் அம்மா. அம்மா அத்தையிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு என் தாடையில் அவள் விரல்கள் பட்டன. "உன் தம்பிதான். நல்லாப் பாரு. ஒண்ணையும் பாக்காம வந்து இவனத்தான் மொதல்ல பாக்கணும். பாரு."

திறந்தேன். தம்பி மெலிந்து, கண்கள் பெரிதாகி, வேறு பிள்ளை மாதிரி இருந்தான். கன்னத்தில் மைப்பொட்டு இல்லை. என்னை அடையாளம் தெரியாமல் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு என் மூக்கைப் பிடித்தான். அம்மாவின் விரல்கள் என் தாடையில் பதிந்து வலித்தன. முகத்தைத் திருப்ப விடவில்லை. என் கண்ணில் நீர் வந்தது. அம்மா அதைத் துடைத்துவிட்டு மறுபடியும், "பாரு" என்றாள்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். சித்தி மகன் சேவலை வைத்துப் பார்த்ததுபோல, அம்மா தம்பியை வைத்து என்னைச் சோதிக்கிறாள். என் மேலுள்ள பழி உண்மையா என்று ஒரேயடியாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். அதன் பிறகு நெடுநாள் தம்பி ஒவ்வொரு முறை தும்மியபோதும் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உன் கண்தான் என்று இப்போதாவது சொல்லப்போகிறாள் எனக் காத்திருந்தேன். அவளும் ஒவ்வொரு தும்மலுக்கும் வெளுத்துப்போனாள். அந்தப் பயமும் என்னைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் என் கண் மேல் பயம் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அத்தைக்கு இருந்த அளவே இருந்திருக்கும். அந்தப் பயத்தோடுதான் அவள் தனக்கு மிஞ்சிய ஒரே ஆண்பிள்ளையை என் பார்வைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பயமில்லாமல் செய்திருந்தால் அது பெரிய காரியம் இல்லை. இது புரிய எனக்கும் ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

தம்பி வளர்ந்தான். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றான். இன்றும் சாரல் காலத்தில் இருமுவான், மற்றபடி குறையில்லை.

கிழங்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னாளில் மூன்று பேரிடம் விசாரித்தேன். அத்தை சொன்னது: காய்ச்சல் இறங்கிய அன்று காலை அது அழுகித் தானாக அறுந்து விழுந்தது, பிள்ளைக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது, அவள்தான் கூட்டி எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டாள். சித்தப்பா சொன்னது: அவர் தென்காசிக்குப் போயிருந்த அன்று, உள்ளே தம்பிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா எழுந்து வந்து அரிவாளால் கயிற்றை அறுத்து, ஒரு பக்கம் இன்னும் பச்சையாக இருந்த கொடியோடு கிழங்கை வாய்க்காலில் எறிந்துவிட்டு, மறுபடி போய்ப் பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். அம்மாவிடம் கேட்டேன். "எந்தக் கிழங்கு?" என்றாள்.

மூவரும் இப்போது இல்லை. கயிறு அறுக்கப்பட்டதா, அறுந்ததா; அப்போது தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்ததா, இல்லையா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.